வாசலில் கிடக்கும் செருப்பு

நான் எழுதியது தொடர்கதை. செல்போன் செயலியில் வாரம் ஓர் அத்தியாயம். ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப் கவிழ்ந்து கணவனைப் பறிகொடுத்த மரியபுஷ்பம் என்பவளின் கதை. ஆறாவது அத்தியாயத்தில், அவன் செருப்பு இன்னும் வாசலிலேயே கிடக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு அரை மணி நேரம் அழுதேன்.

வாசகர்கள் அழவில்லை. வாட்ஸப்பில் குழு தொடங்கினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். செருப்பு வீட்டில் இருக்கிறது, ஆகவே அவன் ஜீப்பில் ஏறவே இல்லை, ஆகவே கொன்றவள் மரியபுஷ்பம்! கண்டுபிடித்தவர், மார்க்கையன்கோட்டையில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் வேல்பாண்டி. அட மாதாவே! அட்டை கடிக்கிற ஏலத்தோட்டத்துக்கு மழைக்காலத்தில் எவன் செருப்பு போட்டுக்கொண்டு போவான்? ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஜீப் ஏறுவார்கள். வேல்பாண்டியின் மச்சானே அப்படித்தான் தினமும் மலையேறுகிறார். கதை என்று வந்துவிட்டால் மட்டும் மனுசனுக்கு எல்லாம் மறந்துவிடும்.

கடைசி அத்தியாயம் தயாராக இருந்தது. மரியபுஷ்பம் அந்தச் செருப்பைத் தெருவில் வெறுங்காலோடு போகிற ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறாள், அவ்வளவுதான். அவளுக்காக ஒரே ஒருத்தராவது வருத்தப்படுவார் என்று தெரிந்தால்தான் வெளியிடுவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

சனிக்கிழமை வேல்பாண்டியே அனுமந்தன்பட்டிக்கு என் வீடு தேடி வந்துவிட்டார்.

"எஸ்தர் டீச்சர், முடிவ மட்டும் காதுல போட்டு வைங்க. சார் இருக்காகளா?"

"அவுக தவறி ரெண்டு வருசமாச்சுப்பா. மலைப்பாதையில ஜீப்பு கவுந்துருச்சு."

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். பக்கத்தில் இன்னொரு ஜோடி கிடந்தது.

"அப்ப இது யாரோடது? தூசியே இல்லையே?"

"அவுகளோடதுதான். தெனமும் தொடச்சு வைக்கிறேன்."

வேல்பாண்டி சட்டென்று குனிந்தார். தன் சேற்றுச் செருப்பை எடுத்து ஒரு முழம் தள்ளிப் போட்டார். "மன்னிச்சுக்கங்க டீச்சர்" என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது. காபியும் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அப்பாடா, ஓர் ஆளுக்காவது புரிந்ததே! அவர் வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் கடைசி அத்தியாயத்தை வெளியிட்டேன்.

மதியத்துக்குள் குழுவில் அவர் பதிவு வந்தது.

"டீச்சரின் கணவருக்கு ஆழ்ந்த இரங்கல். நேரில் ஆய்வு செய்தேன். செருப்பு தினமும் துடைக்கப்படுகிறது. ஆகவே மரியபுஷ்பம் கைரேகையை அழித்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் செருப்பையே அப்புறப்படுத்திவிட்டாள். வழக்கு முடிந்தது."

கீழே முந்நூறு கைதட்டல்.

எழுந்து வாசலுக்குப் போனேன். என் கணவர் ஸ்டான்லியின் செருப்பில் வேல்பாண்டியின் சேறு தெறித்திருந்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். இனி எவன் கண்ணிலும் பட வேண்டாம்.