கொழுப்புப் பற்றாக்குறை

1

இந்தக் கதை எனக்குச் சமையலறைச் சன்னல் வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்கவில்லை, சன்னல் திறந்திருந்தது, காதும் திறந்திருந்தது. மாடி வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள். பேருந்து ஓட்டும் தன் கணவரிடம் சொன்னாள்:

"உங்களுக்குக் கொழுப்பு பத்தலைங்க."

நூற்றேழு கிலோ மனிதரிடம்.

2

'உறைந்த மௌனத்தில் அவர்...' என்று தொடங்கினேன். (அடித்துவிட்டேன். அவர் மௌனமாக இருந்ததே இல்லை.)

"கல்யாணமான நாள்லேருந்து எனக்குக் கொழுப்பு அதிகம்னுதானே சொல்லிட்டிருந்தே?"

"அது வாய்க்கொழுப்பு. இது பழுப்புக் கொழுப்பு. கழுத்துக்கிட்ட இருக்கும். குளிர் பட்டா மூளை நரம்பு வழியா சேதி அனுப்பும். நரம்பு முனையில ஒண்ணு சுரக்கும்." (ஏதோ 'ரினலின்'. அதற்குள் குக்கர் கத்திவிட்டது.) "தைராய்டும் கூடச் சேர்ந்து தட்டி எழுப்பும். அப்ப அது மத்த கொழுப்பை எரிச்சுச் சூடாக்கும். உங்களுக்கு நரம்பு கூப்பிடுது, எழுந்திருக்க ஆளில்லை."

3

மூன்று மாதத்தில் பணிமனையில் மருத்துவச் சோதனை. எடை நூறு கிலோவைத் தாண்டினால் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஆபீசில் நாற்காலி கொடுத்துவிடுவார்கள். சோறு பிசையும்போதே தட்டை ஸ்டீயரிங் மாதிரி இடப்பக்கம் திருப்புகிறவர் அவர். நாற்காலியில் என்ன செய்வார்? பழுப்புக் கொழுப்பை வளர்க்கத் தினமும் அரைமணி குளிர்ந்த நீரில் உட்கார்ந்தார்.

"தண்ணி மட்டும் பத்தாது. தட்டையும் பாருங்க" என்றாள் மனைவி.

4

இந்த இடத்தில் ஒரு பாத்திரம் கதையைக் கெடுத்தது. நான்தான்.

'டிரைவருக்குக் கொழுப்பு பத்தலையாம், பாவம்' என்று கீழ்வீட்டில் மட்டும்தான் சொன்னேன். (பழுப்பு என்ற ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டேன். சுருக்கிச் சொல்வது என் பழக்கம்.) மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஒரு கிண்ணம், நெய் மிதக்க மிதக்க மாடியேறியது. அவருக்கோ வேண்டாம் என்று சொல்லத் தெரியாது.

5

இன்று சோதனை. அவர் போய்விட்டார். அவள் என் வாசலில்.

"அக்கா, நீங்கதான் பரப்பினீங்களாமே."

"யாரு சொன்னா?"

"எல்லாரும். இப்ப கதை வேற எழுதறீங்களாம். எழுதுங்க. அவரை நாற்காலியில மட்டும் உக்கார வெச்சிடாதீங்க."

முடிவு ஒன்று: முள் தொண்ணூற்றொன்பதில் நின்றது. (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: 'அவர் சாவியை மேசைமேல் வைத்...' (கை வரவில்லை.)

மிஞ்சியது ஒரு வரி: 'எடை ____ கிலோ.' அதில் என் வாயால் ஏறியது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பேனாவை நீங்களே பிடியுங்கள். கொஞ்சம் பார்த்து எழுதுங்கள். அவள் இன்னும் போகவில்லை, உங்கள் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறாள்.