வட்டத்துக்கு நாள் கிடையாது

பம்பாயில், செம்பூரில் இருந்த அந்த மருந்துக் கம்பெனியின் அலுவலகத்துக்கு மூன்று மாடி. மூன்றாவது மாடிக்கு ஒரு கம்ப்யூட்டர் வரப்போகிறது என்பது 1967 மழைக்காலம் தொடங்கும்போதே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது எப்படி இருக்கும் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பீரோ மாதிரி ஐந்து பெட்டி என்றார்கள். ரயில் எஞ்சின் மாதிரி சத்தம் போடும் என்றும் சொன்னார்கள்.

அந்த வேலைக்குப் பொறுப்பு பிளானிங் செக்‌ஷன் வேங்கடசுப்ரமணியன். மாதுங்காவிலிருந்து வருகிறவர். புனாவில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்த மறுநாளே ஸ்டோர்ஸ் பிரிவிலிருந்து ஞானராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உம்ம எழுத்து முத்து முத்தா இருக்கும்கறாளே. கோடு நேரா போடுவீரா?"

"போடுவேன் சார்."

"அது போறும். மத்ததெல்லாம் நான் சொல்றேன்."

ஞானராஜுக்கு இருபத்தொன்பது வயது. பி.எஸ்ஸி. முடித்தவன். அப்பாவுக்குத் தாராவியில் பலசரக்குக் கடை. கல்யாணமாகிப் பதினான்கு மாதத்தில், போன டிசம்பரில், மனைவி தங்கத்தாய் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். இருவருக்குமாகச் செம்பூரில் எடுத்த ஒற்றை அறையில் இப்போது அவன் மட்டும் இருந்தான். ஸ்டோர்ஸில் அவனுக்கு வேலை, சரக்குச் சீட்டுகளைப் பார்த்து எழுதுவது. ஓர் எண்ணின் நடுவில் பேனா நின்றுவிடும். எவ்வளவு நேரம் நின்றது என்று பக்கத்து மேஜைக்காரர் சொன்னால்தான் தெரியும்.

வேங்கடசுப்ரமணியன் போடச் சொன்ன படம் வேறு மாதிரி இருந்தது. சுவர் அகலத்துக்குத் தாள். அதில் வட்டங்களும் அம்புகளும். அம்பு என்றால் ஒரு வேலை. அதன்மேல் அந்த வேலைக்கு ஆகும் நாள். வட்டம் என்றால் ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம். ஒன்று முடியாமல் எது தொடங்க முடியாதோ, அதை அதற்குப் பின்னால் போட வேண்டும். முதல் வட்டத்திலிருந்து கடைசி வட்டத்துக்குப் போகிற வழிகளில் எது மிக நீளமோ அதைச் சிவப்புப் பென்சிலால் தடிக்க வேண்டும். சிவப்பு வழியில் ஒரு நாள் பிந்தினால் முடிவுத் தேதி ஒரு நாள் பிந்தும். மற்ற வழிகளில் கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு.

ஞானராஜ் முதல் வாரம் கோடு மட்டும் போட்டான். இரண்டாவது வாரம் கேட்கத் தொடங்கினான். இது ஏன் அதற்கு முன்னால்? அது இல்லாமல் இது நடக்காதா? இங்கே நான்கு நாள் என்று யார் சொன்னது? பத்து மாதத்தில் அவன் யாரிடமும் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. சாப்பாட்டு மணி அடிப்பது காதில் விழவில்லை. ஸ்டோர்ஸில் பேனா நின்றபோது காதில் விழாமல் இருந்தது வேறு, இது வேறு.

படத்தின் கடைசி வட்டம் டிசம்பர் ஒன்று, வெள்ளிக்கிழமை. டைரக்டர் வந்து சுவிட்ச் போடுவார்.

"தேதி தப்பித்துன்னா ஹெட் ஆபீஸ்ல பிளானிங் செக்‌ஷனே வேண்டாம்னு எழுதிடுவா" என்றார் வேங்கடசுப்ரமணியன். "நீர் ஸ்டோர்ஸுக்குத் திரும்பிப் போவீர். நான் எங்கே போவேன்னு பெருமாளுக்குத்தான் வெளிச்சம்."

ஸ்டோர்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ஞானராஜ் பென்சிலைக் கீழே வைத்தான். பிறகு எடுத்துக்கொண்டான்.

அக்டோபர் பதின்மூன்றாம் தேதி படத்தில் எல்லா அம்புக்கும் நாள் எழுதியாகிவிட்டது. நகலும் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. இருபத்தைந்தாம் தேதி பெரிய ஜன்னலுக்குக் கண்ணாடி போடத் தொடங்குவது, நவம்பர் ஒன்றில் முடிப்பது. எட்டாம் தேதிக்குள் குளிர்சாதனம். அதை ஏழு நாள் நிற்காமல் ஓட்டிப் பார்ப்பது. பதினாறாம் தேதி 41ஆம் வட்டம்: 'மெஷின் வந்து சேர்ந்தது.' அதன் பின் வெளிநாட்டு எஞ்சினியர்கள் இரண்டு வாரம் பொருத்திச் சோதிப்பது. அவ்வளவுதான். பெட்டிகளைக் கொண்டுவந்த கப்பல் அக்டோபர் பத்தாம் தேதியே துறைமுகத்துக்கு வந்துவிட்டது. அவற்றை வெளியே எடுக்க ஒரு மாதத்துக்கு மேல் இருந்ததால் அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

41ஆம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஞானராஜுக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்தது. அவ்வளவு பெரிய பெட்டியை எத்தனை பேர் தூக்குவார்கள்? வேலைக்குத் தேவையில்லாத கேள்விதான். ஆனாலும் தாராவியில் பாரம் ஏற்றி இறக்கும் கூட்டத்துக்குத் தலைவனான மாசானத்துக்கு ஆள் விட்டான். ஞானராஜின் அப்பா கடைக்குச் சீனி மூட்டை இறக்குவதும் அந்தக் கூட்டம்தான்.

மாசானம் அன்று மதியமே வந்து நின்றான். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் கயிறு. படத்தை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, கோலப்போட்டியா?"

"வேலைக்குப் போட்ட படம். பொட்டிய மேல ஏத்த எத்தன நாள் ஆகும்ணே?"

"உமக்கு எத்தன நாள்ல வேணும்?"

"எனக்கு வேணும்னு இல்ல. நெசமா எத்தன நாள் ஆகும்?"

மாசானம் அவனை ஒரு மாதிரி பார்த்தான். "இப்படிக் கேட்ட ஆள நான் பம்பாயில பாத்ததில்ல. உங்க அய்யா லாரி வாறதுக்கு முன்னாலயே 'இன்னுமா முடியல'ன்னு கேப்பாரு. பெரிய பொட்டி என்ன அளவு?"

"ஆறடி நீளம். அஞ்சடி உயரம். அகலமும் அஞ்சுக்குக் கொறையாது."

"எங்க உக்காரணும்?"

ஞானராஜ் அறையின் நடுவைக் காட்டினான். மாசானம் அங்கே போய் நின்றான். கைகளைப் பெட்டியைக் கட்டிப்பிடித்த மாதிரி அகட்டினான். பிறகு பின்பக்கமாக நடக்கத் தொடங்கினான்.

"ஏன் பின்னால நடக்கீரு?"

"முன்னால பாத்து வந்தா எல்லா வழியும் பெருசாத்தான் தெரியும். முதுகு காட்டிப் போனாத்தான் எங்க இடிக்குன்னு தெரியும்."

இடித்தது. ஜன்னலோரம் மரச்சட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஷேக் பரீத் கத்தினார். கண்ணாடி, குளிர்சாதனம் இரண்டுக்கும் ஒப்பந்தக்காரர் அவர்தான்.

"ஏலே மாசானம், கண்ணு இருக்கா?"

"கண்ணு முன்னால இருக்கு பாய். நான் பின்னால போறேன். நீருதான் பாக்கணும். இது என்ன சட்டம்?"

"ஜன்னலுக்கு. ஒண்ணாந்தேதி அடச்சிருவேன். அதுக்கப்புறம் ஒரு ஈ நுழையாது."

"ஈய விடும். பொட்டி நுழையணுமே."

"லிப்ட்ல கொண்டுவாரும்."

"லிப்டு வாசல் மூணடி."

"அப்ப மாடிப்படி."

மாசானம் படிக்கட்டுப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "ரெண்டாவது திருப்பத்துல நின்னுரும். மேலயும் வராது, கீழயும் போவாது. உங்க டைரக்டர் அங்கனயே வந்து சுவிட்ச் போட்டுக்கிட வேண்டியதுதான். கிரேன் வச்சு இந்த ஜன்னல் வழியாத்தான் ஏத்தணும். கிரேன்காரன் நாயித்துக்கிழமதான் குடுப்பான்."

"அடைச்ச ஜன்னல் வழியாவா?" என்றான் ஞானராஜ்.

"ஒடச்சிரலாம். நாலு மணி நேர வேல."

"ஒடைக்க நாலு மணி" என்றார் ஷேக் பரீத். "திரும்ப அடைக்க எட்டு நாள். போன குளிரு திரும்பிப் பிடிக்க ஏழு நாள். யாரு குடுப்பா?"

இருவரும் ஞானராஜைப் பார்த்தார்கள். அவன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டும் ஏழும் பதினைந்து. டிசம்பர் ஒன்று என்பது டிசம்பர் நடுவுக்குப் போய்விடும். எங்கே தப்பு? ஒவ்வொரு அம்பாகப் பார்த்தான். ஷேக் பரீத் சொன்ன நாள் சரி. எஞ்சினியர்கள் சொன்ன நாள் சரி. பிறகு 41ஆம் வட்டத்தில் கண் நின்றது. 'வந்து சேர்ந்தது.' வட்டத்துக்கு நாள் கிடையாது, ஆள் கிடையாது, ஜன்னலும் தேவையில்லை. அங்கே இருக்க வேண்டியது ஓர் அம்பு. அதை வட்டமாகப் போட்டிருந்தான்.

மாசானம் போன பிறகு எஞ்சினியர்கள் அனுப்பிய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தான். ஏழு நாள் குளிர்ந்த அறையில் அல்லாமல் பெட்டிகளைத் திறக்கக் கூடாது என்றிருந்தது. கொண்டுவரக் கூடாது என்று எங்கேயும் இல்லை. பெட்டிக்குள்ளே தகர உறை, ஈரம் உள்ளே புகாது என்றும் ஒரு வரி இருந்தது.

வந்து சேர்வது ஒன்று. திறப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம் இருக்கலாம். ஜன்னல் திறந்திருக்கும்போதே பெட்டிகளை ஏற்றிப் பக்கத்தில் துளையட்டைகளுக்காக ஒதுக்கிய கார்டு அறையில் வைத்துவிட்டால் தேதி மாறாது. ஆனால் ஜன்னலை அடைக்கத் தொடங்குவது இருபத்தைந்தாம் தேதி. அதற்கு முன் கடைசி ஞாயிறு இருபத்திரண்டு. அதை விட்டால் அடுத்தது இருபத்தொன்பது, அதன் பின் தீபாவளி. ஒரு மாதத்துக்கு மேல் மூச்சுவிட இடம் இருந்த துறைமுக வேலைக்கு இப்போது எட்டே நாள். சிவப்புப் பென்சிலால் அதைத் தடித்தான். தூங்கிக்கொண்டிருந்த கோடு சிவப்பானதை நின்று பார்த்தான். பயமாக இருந்தது. அழகாகவும் இருந்தது.

மறுநாள் காலை வேங்கடசுப்ரமணியனிடம் சொன்னான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"இதை ஏன்யா ஒருத்தரும் எழுதலை? எல்லா டிபார்ட்மென்ட் கிட்டயும் லிஸ்ட் வாங்கினேனே."

"எல்லாரும் அவங்கவங்க வேலையை எழுதினாங்க சார். கொண்டு வர்றது யார் வேலைன்னு யாருக்கும் தோணல. நம்ம மேஜைக்கு எல்லாம் தானா வந்துடுது."

அவர் முன்னால் காப்பி இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று தேடுவது போல நிமிர்ந்து பார்த்தார்.

"நகல் போயாச்சு ஓய். இப்போ தப்புன்னு எழுதினா நம்ம தப்பு. நவம்பர்ல 'கிரேன் கிடைக்கலை, கப்பல்காரன் இழுத்துட்டான்'னு எழுதினா அவா தப்பு. உமக்கும் நல்லது. ஸ்டோர்ஸுக்குப் போக வேண்டாம்."

அது உண்மைதான் என்று ஞானராஜுக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்தால் போதும், செக்‌ஷன் பிழைக்கும். அவனும் பிழைப்பான். தினமும் காலையில் வந்து இந்தப் படத்தின் முன்னால் நிற்பான்.

"அப்புறம் இந்தப் படத்தை வெச்சு என்ன சார் பண்றது?" என்றான்.

"என்ன சொல்றீர்?"

"பொய்னு தெரிஞ்சுட்டா எனக்குப் பாக்கத் தோணாது. இதுக்கு ஸ்டோர்ஸே போதும்."

வேங்கடசுப்ரமணியன் கோபமாக நாற்காலியைத் தள்ளினார். எழுந்து படத்தருகே வந்து, புதுச் சிவப்புக் கோட்டை விரலால் முதலிலிருந்து கடைசிவரை தடவிக்கொண்டே போனார்.

"எட்டு நாள்ல டாக்லேர்ந்து சரக்கு வெளியே வந்ததா சரித்திரமே கிடையாது, தெரியுமோ?"

"தெரியாது சார். யாராவது பக்கத்துலயே உக்காந்து கேட்டா எத்தனை நாள் ஆகும்னும் தெரியாது."

"என்னைப் போய் உக்காரச் சொல்றீரா?"



அவர் போய் உட்கார்ந்தார். தலைமை அலுவலகத்துக்குத் திருத்தம் எழுதி, தவறு பிளானிங் செக்‌ஷனுடையது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, திங்கள் முதல் துறைமுகத்தை ஒட்டிய பாலார்ட் எஸ்டேட்டில் சரக்கு எடுக்கும் ஏஜென்ட் அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்தார். மாதுங்காவிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனார். ஏஜென்ட் முதல் நாள் அவரைப் பார்த்துச் சிரித்தான். இரண்டாம் நாள் எரிச்சல்பட்டான். மூன்றாம் நாள், இவர் போனால் போதும் என்று அவனே தாளைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக அலைந்தான். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பெட்டிகள் துறைமுக வாசலைத் தாண்டின.

ஞாயிற்றுக்கிழமை கிரேன் வந்தது. மாசானத்தின் ஆட்கள் பதினொரு பேர். ஞானராஜ் கையில் கடிகாரம், தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதினான். முதல் பெட்டிக்கு ஒன்றே முக்கால் மணி. இரண்டாவதற்கு ஐம்பது நிமிடம். மூன்றாவதற்கு மறுபடி ஒன்றரை மணி, ஏனென்றால் கிரேன்காரன் சாப்பிடப் போய்விட்டான். அதையும் ஓர் அம்பாகப் போட வேண்டும் என்று ஓரத்தில் குறித்தான்.

பெரிய பெட்டி கடைசியில் வந்தது. ஜன்னல் விளிம்பில் இரண்டு விரல் இடைவெளியில் நின்று ஆடியது. மாசானம் உள்ளே நின்று கையை மட்டும் அசைத்தான். வேங்கடசுப்ரமணியன் கண்ணை மூடிக்கொண்டார். பெட்டி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்த சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு நீர் வந்துடும்" என்றார் வேங்கடசுப்ரமணியன் ஞானராஜிடம். "இன்னும் எத்தனை வட்டம் பொய்யா இருக்குன்னு பாக்கணும். எழுபத்திரண்டு இருக்கு. ஸ்டோர்ஸ்ல வேற ஆளைப் போடச் சொல்லியாச்சு." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி படியிறங்கினார்.

ஆட்கள் கயிற்றைச் சுருட்டினார்கள். மாசானம் பெரிய பெட்டியைத் தட்டிப் பார்த்தான்.

"உள்ள என்னதான் இருக்கு அண்ணாச்சி?"

"தெரியாது."

"நீருமா பாத்ததில்ல? இவ்வளவு கோடு போட்டீரு?"

"நானும் பாத்ததில்ல."

பலகை இடுக்கில் இருவரும் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். தகரம்தான் தெரிந்தது. அதில் கறுப்பு மையில் பாதி எழுத்து. உப்பும் பைன் மரமும் கலந்த வாசனை.

"ஒரு பலகையப் பேத்துப் பாப்பமா?" என்றான் மாசானம்.

"கூடாது. நவம்பர் பதினாறு."

"அது கெடக்கு இன்னும் இருபத்தஞ்சு நாளு!" என்று சிரித்துக்கொண்டே மாசானம் இறங்கிப் போனான்.

இருபத்தைந்து நாள். ஞானராஜ் இன்னொரு தடவை இடுக்கில் கண்ணை வைத்தான். காத்திருக்க நீளமாகத்தான் இருந்தது.