படிவத்தில் ஒரு கட்டம் காலி

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் முதுகில் பிறந்தது. கண் மருத்துவமனையில் கொடுத்த தாள். முன்பக்கம் கட்டம் கட்டமாக அச்சடித்தது, பின்பக்கம் வெள்ளை. ஐந்து கட்டங்களை நிரப்பிவிட்டேன். ஆறாவது, ‘தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் மருந்துகள்.’ அங்கே பேனா நின்றுவிட்டது. தாளைத் திருப்பிப் போட்டுக் கதை எழுத ஆரம்பித்தேன். வியாழக்கிழமை கண்புரை அறுவை சிகிச்சை. (எனக்கல்ல, என் கதாநாயகனுக்கு. இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.)

முதல் தொடக்கம்: “அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரிலுள்ள கழிப்பறைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.”

நல்ல வரிதான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே கழிப்பறையா என்று என் மனைவி கேட்பாள். என் கதைகளுக்கு முதல் வாசகி அவள்தான். முப்பது வருடம் தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்தவள். ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூடப் படிவத்தை வாங்க மாட்டாள். கதையையும் கையில் சிவப்புப் பென்சிலோடுதான் படிப்பாள்.*

இந்தத் தாளை மட்டும் அவளிடம் காட்டப் போவதில்லை. கதையை இரண்டாம் தாளிலிருந்து கொடுத்தால் போயிற்று.

* பின்னால் சேர்த்தது: அவள் எழுதிய குறிப்புகளைச் சதுர அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். அழிக்கத் தைரியம் வரவில்லை.

2

பயிற்சியாளருக்கு அறுபத்திரண்டு வயது. ஒரு வருடமாக ப்ராஸ்டேட் வீக்கம். அரைமணிக்கு ஒருமுறை போயாக வேண்டும், போனாலோ சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மனிதர் அசரவில்லை. பாடத்தையே கழிப்பறைகளை வைத்து வகுத்துக்கொண்டார். பின்னோக்கி நிறுத்துவது பெட்ரோல் பங்குக்குப் பின்னால். மேட்டில் வண்டியை எடுப்பது நூலகத்துக்குப் பக்கத்தில். மாணவர்கள் அதை ஏதோ பெரிய பயிற்சி முறை என்று நினைத்தார்கள்.

[சிரிச்சுட்டேன். இது இருக்கட்டும்.]

பிறகு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். கேப்சூல் மாத்திரை. உடைக்காமல் கடிக்காமல் முழுசாக விழுங்க வேண்டும். தினமும் ஒரே வேளையில், சாப்பிட்டு அரைமணி கழித்து. உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழக் கூடாது, ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பயிற்சியாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மூன்றாம் நாளே காரிலிருந்து துள்ளி இறங்கினார். கண் இருட்டிக்கொண்டு வர, பானெட்டைப் பிடித்துச் சாய்ந்துவிட்டார்.

ஸ்டியரிங்கில் இருந்த ஐம்பது வயது அம்மாள் பதறிப்போனார். “அவ்வளவு மோசமாவா நிறுத்திட்டேன் சார்?”

“இல்லம்மா, வண்டி நல்லாத்தான் நிக்குது. நான்தான் நிக்கல.”

அன்றிலிருந்து கதவைத் திறந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, பத்து எண்ணிவிட்டுத்தான் எழுவார். மாத்திரையும் வேலை செய்தது. பாடத்தின் பாதை மெல்ல மெல்ல நீண்டு, ஒருநாள் ஊரைத் தாண்டி—

மன்னிக்கவும், ஒரு நிமிடம்.

[பத்து எண்ணணும்கிறது வரைக்கும் எப்படித் தெரியும் உங்களுக்கு?]

3

கண் மருத்துவமனை. படிவத்தோடு வந்த நர்ஸ் பயிற்சியாளரின் பழைய மாணவி. இரண்டு முறை தேர்வில் தோற்று, மூன்றாம் முறை இவர் கொடுத்த தைரியத்தில் உரிமம் வாங்கியவர்.

“சார், வேற மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களா?”

“சேச்சே. நமக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கோம்.”

இது சாதாரணப் பொய்யல்ல. அந்த மாத்திரை கீழே தசையைத் தளர்த்துவதுபோலவே கண்ணின் கருவிழித்திரையையும் தளர்த்திவிடுகிறது. கத்தி வைக்கும்போது கண்பாப்பா விரிந்து நிற்காமல் சுருங்கிவிடலாம். முன்பே தெரிந்தால் டாக்டர் அதற்கான ஏற்பாட்டோடு வருவார். தெரியாவிட்டால் பாதியில் திணறுவார். கண் போனால் பயிற்சியாளரின் பிழைப்பும்—

இதோ வந்துவிட்டேன்.

[ஒரு மனுஷன், கண்ணு போனாலும் பரவாயில்லன்னு இதுக்கா வெட்கப்படுவான்? நம்பும்படியா இல்ல.]

எனக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் அவர் பிடிவாதமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன செய்ய?

4

முடிவு ஒன்று. பயிற்சியாளருக்கு ஒரு கெட்டிக்கார யோசனை. திங்கட்கிழமையே மாத்திரையை நிறுத்திவிடுகிறார். வியாழக்கிழமை ‘எதுவும் சாப்பிடறதில்ல’ என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம் அல்லவா? மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த சீட்டு அந்தத் திட்டத்தை உடைக்கிறது: முன்பு எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் கண் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். தவிர, நிறுத்திய மறுநாளே பழைய தொல்லை திரும்பி—

ஒரு நிமிடம்.

முடிவு இரண்டு. அவர் காரில் எல்லோரிடமும் சொல்வதை நர்ஸ் திருப்பிச் சொல்கிறார்: “வண்டியில என்ன கோளாறுன்னு ஓட்டப் போறவங்ககிட்ட முதல்லயே சொல்லிடணும்.” அவர் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுகிறார். “இவ்வளவுதானா சார்? எங்கப்பாகூட இதைத்தான் சாப்பிடறார்” என்கிறார் நர்ஸ்.

அழகாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. கேட்டவுடன் சரியான வசனம் பேசும் நர்ஸை நான் எங்கே போய்த் தேடுவேன்? மூன்றாவதாக ஒரு முடிவு யோசித்து வைத்திருக்கிறேன், அதில் பயிற்சியாளர்—

இதோ வருகிறேன்.

5

திரும்பி வந்தபோது அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் தாள்கள், மூக்கில் கண்ணாடி.

“முதல் தாள் எங்க?”

“அதுல மை கொட்டிடுச்சு.”

“சரி. நாலு இடத்துல பாதியில எழுந்து போயிருக்கீங்க. போன மாசம் எழுதின கதையில ஒரு தடவைகூட இல்ல. உங்க டிரைவர் நிஜமாவே திங்கக்கிழமை நிறுத்திட்டாரா?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“அகராதிக்குப் பின்னாடி இருக்கிற மாத்திரைப் பெட்டி எனக்குத் தெரியும்” என்றாள். “அலமாரிக்குத் தூசி தட்டறது யாரு? நீங்களா சொல்வீங்கன்னு பேசாம இருந்தேன். ஆனா கண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு இந்தக் கதையைப் படிச்சுத்தான் தெரிஞ்சுது. நானும் தெரியாம, டாக்டரும் தெரியாம, உங்கள உள்ள அனுப்பியிருப்பேனே!”

அவள் குரல் உடைந்தது. இத்தனை வருடத்தில் எந்தக் கதைக்கும் அவள் இப்படிக் கலங்கியதில்லை.

“சரி, இப்பவே மறுபடி சாப்பிட ஆரம்பிச்சுடறேன்.”

“ஒண்ணும் வேணாம். நிறுத்தினதும் உங்க இஷ்டம், ஆரம்பிக்கறதும் உங்க இஷ்டமா? எழுதிக்கொடுத்த டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கலாம். கண் டாக்டருக்கும் இன்னிக்கே சொல்லணும். முதல்ல அந்தத் தாளைக் குடுங்க.”

கவுண்டருக்குள்ளிருந்து நீட்டுவதுபோலக் கையை நீட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. கொடுத்தேன். என் அருமையான முதல் வரியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தாளைத் திருப்பினாள். ஆறாவது கட்டத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, என் பக்கம் தள்ளினாள்.

“நிரப்பிக் குடுங்க. அதுவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்.”

“பயிற்சியாளருக்கு ஒரு முடிவு எழுதிட்டு—”

“அவர் காத்திருப்பார்.”

ஆகவே, வாசகரே, நர்ஸ் இன்னும் அவர் எதிரில் படிவத்தோடு நிற்கிறார். ‘சேச்சே’ என்று சொன்ன வாய் இன்னும் முழுசாக மூடவில்லை. அவரை அங்கிருந்து நீங்கள்தான் மீட்டுக்கொண்டுவர வேண்டும். என் பேனாவுக்கு முன்பக்கத்தில் வேலை வந்துவிட்டது: மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாதமாக, எந்தக் கிழமை நிறுத்தினேன்.