மூச்சைப் பிடிக்கத் தெரிந்தவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை, என் வீட்டுக்காரரின் நுரையீரலில் உதித்தது. வலது பக்கம், பின்னால், பட்டாணி அளவில் ஒரு புள்ளி. அது கெட்டதா, எப்போதோ வந்துபோன நோயின் தழும்பா என்று சொல்ல ஒரு துணுக்குச் சதை வேண்டுமாம். எடுத்து நாலு நாள் ஆகிறது. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாததால் எழுதுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: ‘வானம் இருண்டு கிடந்தது. இனம்புரியாத சோகம் அவரை…’

[வேண்டாம். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் சோகமாகவும் இல்லை, பசியோடு இருந்தார்.]

தொடக்கம் இரண்டு: ‘முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மூச்சுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த நீச்சல் மாஸ்டர், அன்று காலை ஸ்கேன் மேஜையில் குப்புறப் படுத்தார்.’

இது தேவலை. அப்படியே படுத்திருக்கட்டும்.

3

“வாய் வழியா கேமராக் குழாய் விட்டும் சதை எடுக்கலாம் மாஸ்டர். ஆனா உங்க புள்ளி ஓரமா ஒளிஞ்சிருக்கு, குழாய் எட்டாது. அதனால முதுகை மரத்துப்போக வச்சு, மெல்லிசா ஒரு ஊசி. நெஞ்சைத் திறக்கவே வேண்டாம்,” என்றார் டாக்டரம்மா. “உங்களுக்கு ஒரே வேலைதான். நான் சொல்றப்ப மூச்சைப் பிடிக்கணும், ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு. கூடக்குறைய இழுத்தா புள்ளி இடம் மாறிடும்.”

“யார்கிட்ட சொல்றீங்க டாக்டரம்மா!”

முதல் ஸ்கேனில் அடக்கமாகத்தான் பிடித்தார். புள்ளிக்கு நேரே முதுகில் பேனாவால் குறி வைத்தார்கள். டாக்டரம்மா ஊசியைக் கையில் எடுத்ததும் மனிதருக்கு எங்கிருந்துதான் வந்ததோ ரோஷம். முங்கியே அக்கரை சேரப்போகிறவர் மாதிரி இழுத்தார் ஒரு இழுப்பு. சரிபார்க்க எடுத்த ஸ்கேனில் புள்ளி, குறியை விட்டு இரண்டு விரற்கடை கீழே போயிருந்தது.

“விடுங்க மாஸ்டர்.”

விடவில்லை.

“மாஸ்டர், விடுங்க!”

நர்ஸ் தோளைத் தட்டிய பிறகுதான் விட்டார். விட்டதும் கேட்டார்: “எத்தன செகண்ட்?”*

“இங்க யாருக்கும் மெடல் கிடையாது. முதல் நாள் தண்ணியில இறங்குற பிள்ளை மாதிரி கொஞ்சூண்டு இழுங்க, போதும்,” என்றார் டாக்டரம்மா.

ஐந்து தடவை ஒத்திகை நடந்தது. ஆறாவதில் ஊசி சதையைக் கிள்ளியெடுத்த ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், முடிந்தது.

* இது நர்ஸ் என்னிடம் சொன்னது. மாஸ்டர் சொல்லும் கதையில் தப்பெல்லாம் மெஷின் மேல்.

4

இந்தக் கதாபாத்திரத்தை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம். அறுபது வயதில் இப்படியா ஒருவர் ஊசியோடு போட்டி போடுவார்? வெறும் வீம்பு என்றுதான் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அது பயம். இவ்வளவு மூச்சுப் பிடிக்கிறவனுக்குக் கெட்டது இருக்காது என்று அந்த அறையில் இருந்த எல்லோரிடமும் காட்டப் பார்த்திருக்கிறார். எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

5

முடிவு அ: மாஸ்டர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உறையைப் பிரிக்கிறார். பழைய தழும்புதான். நர்ஸிடம் மறுபடியும் செகண்ட் கணக்குக் கேட்கிறார்.

முடிவு ஆ: மாஸ்டர் அதே பெஞ்சில் உறையைப் பிரிக்கிறார். படிக்கிறார். மடிக்கிறார். பிறகு…

[இதற்கு மேல் பேனா ஓடவில்லை.]

இதற்குள் வீட்டுக்காரர் என் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டார். பொல்லாத மனுஷன்.

“நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா ரெண்டுலயும் நான் தனியா உக்காந்திருக்கேன். நீ எங்க போன?”

“நான் கதை எழுதுறவ. கதைக்குள்ள எப்படி வர்றது?”

“நாலு நாளா என் மூஞ்சியப் பாக்காம இந்தப் பேப்பரையே பாத்துட்டிருக்க. எனக்குப் பயமா இருக்குடி.”

கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில்லை.

6

சற்றுமுன் போன் வந்தது. ரிப்போர்ட் தயாராம். அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார், மேலும் கீழுமாக மாற்றி மாற்றி. நான் போய்ச் சரிசெய்ய வேண்டும்.

அதனால் முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அ-வோ ஆ-வோ, உங்கள் மனம் போல வைத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் ஒரு திருத்தம் மட்டும் செய்துவிடுங்கள்: பெஞ்சில் இரண்டு பேர்.