சீமை மாத்திரைக்குப் பத்தியம்

திருச்சி ஆஸ்பத்திரியில், எடை மிஷினிலிருந்து செவந்தியை இறக்கிவிட்ட டாக்டரம்மா, அவளைப் பெற்ற என் அக்கா பொன்னுத்தாயைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்னம்மா குடுக்குறீங்க?"

"கஞ்சியும் மொளகு ரசமுந்தாங்க. முட்டை, கறி, எண்ணெய் எதையும் கண்ணுல காட்டல. நானும் அதேதான் குடிக்கிறேன்."

அக்காவின் குரலில் பெருமை இருந்தது. எங்கள் திருவரங்குளத்துப் பக்கம் நாட்டு வைத்தியர் சூரணம் தந்தாலே பத்தியம் உண்டு. ரத்தப் புற்றுக்குச் சீமையிலிருந்து வந்த மாத்திரை என்றால் சும்மாவா? கேட்க வேண்டியதே இல்லையென்று அவளாகவே கடும்பத்தியம் வைத்துவிட்டாள். மாத்திரை தின்ற பிள்ளை பசி பசியென்று அழுததையும் நோயின் வேலை என்றே நினைத்திருக்கிறாள். லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"இதுக்குப் பத்தியமே கெடையாதும்மா. இப்படி எளைச்சா அடுத்த மருந்தை ஒடம்பு தாங்காது. எடை ஏறினாத்தான் ஆரம்பிக்க முடியும். முட்டை, பருப்பு, கறி, எல்லாம் நல்லா வேகவச்சுக் குடுங்க."

வெளியே வந்ததும் கத்திவிட்டேன். "ஏக்கா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பிள்ளையப் பட்டினி போட்டா வைத்தியம் பாப்ப?"

பிள்ளையைவிட அக்காவுக்குத்தான் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என் கோபம் பொசுக்கென்று போய்விட்டது. பாவி மகள், பிள்ளையோடு சேர்ந்து தானும் வற்றிப்போயிருக்கிறாள்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியதும், எதிரே இருந்த கடையில் உட்காரவைத்துப் பருப்புச்சோறும் அவித்த முட்டையும் வாங்கினேன். செவந்தி முட்டையையே பார்த்தாள். பிறகு இலையைத் தள்ளிவிட்டாள்.

"வேணாம் மாமா. தின்னா செத்துப்போயிருவேன்."

"எவ சொன்னா?"

"ஆத்தாதான்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இல்லடி தங்கம், தின்னு," என்றாள். சொன்னாளே தவிர, அவள் மனசு இன்னும் நம்பவில்லை. அது எனக்கே தெரிந்தது, பிள்ளைக்குத் தெரியாதா?

"அப்ப நீ மொதல்ல தின்னு."

அக்கா முட்டையைப் பிட்டு வாயில் போட்டாள். விஷத்தை விழுங்குகிறவளைப் போல விழுங்கினாள். ஆத்தாவுக்கு ஏதாவது ஆகிறதா என்று செவந்தி கண் கொட்டாமல் பார்த்திருந்தாள். திருவரங்குளம் பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.

மெல்ல வாயைத் திறந்தாள் செவந்தி. அக்கா ஒரு வாய் ஊட்டினாள். முதல் வாயை மென்று முடிக்குமுன்பே, அடுத்த வாய்க்காக ஊட்டிய கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள் பிள்ளை.