கட்டைவிரல் சோதனை

டயரைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவார் பஞ்சர் கடைக்காரர். முப்பது வருஷப் பழக்கம். அளவு பார்க்கும் கருவியெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்பார். அந்தத் திமிர்தான் கடைசியில் கண்ணில் வந்து விடிந்தது.

கண் அழுத்த நோய் வலது கண்ணை ஏற்கெனவே தின்றுவிட்டது. இடது கண்ணாவது தப்பட்டும் என்று, உள்ளே தேங்கும் நீர் வடிவதற்கு மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார்கள். வைப்பதற்கு முன்பே டாக்டரம்மா எச்சரித்தார்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. இதே கண்ணுல முன்னாடியே ஒரு ஆபரேஷன் ஆகி, மேல்தோல் மெலிஞ்சு கிடக்கு. மத்தவங்களைவிட உங்களுக்குச் சிக்கல் வர வாய்ப்பு அதிகம். கண்ணுல கையே படக்கூடாது."

"சத்தியமா படாதும்மா."

கட்டுப் பிரித்தாயிற்று. கை சும்மா இருக்குமா? தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இமைமேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். கல்லாக இருந்தால் குழாய் அடைப்பு, மெத்தென்று இருந்தால் சரி. அவ்வளவுதானே! மெத்தென்றுதான் இருந்தது. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கண்ணைத் தொட்டீங்களா?" என்பாள் மனைவி, வெளியே வந்ததும்.

"எனக்கென்ன பைத்தியமா?"

இரண்டாம் மாதம் கண் சிவந்து உறுத்தியது. விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போனது. மேல்தோலில் ஓட்டை விழுந்து, குழாய் வெளியே தெரிந்தது.

"அமுக்கினீங்களா, கசக்கினீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "இல்லவே இல்ல டாக்டர். நான் கண்கொத்திப் பாம்பா பாத்துக்கிட்டிருக்கேன்."

"அப்போ தோல் தானாவே கரையுது. மேல ஒட்டுப் போட்டாலும் நிக்காது. கிருமி உள்ள போறதுக்குள்ள குழாயை எடுத்துடணும்."

"எடுத்துட்டா பார்வை?" என்றார் அவர்.

"அழுத்தம் பழையபடி ஏறும். பார்வை நிக்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க."

சம்மதத் தாளை நீட்டினார்கள். பேனாவை வாங்கினார். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் கண் போகும். அதிலும், தனக்காக அடித்துப் பேசியவள் பக்கத்திலேயே நிற்கிறாள். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா முனையை வைத்துவிட்டார். சட்டென்று பேனாவைக் கீழே போட்டார்.

"நான்தாம்மா அமுக்கினேன். தினமும். டயருக்குக் காத்துப் பாக்குற மாதிரி."

டாக்டரம்மா தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? விரலால வந்த ஓட்டைன்னா, ஒட்டுப் போட்டா நிக்க நிறைய வாய்ப்பிருக்கு. குழாயை எடுக்க வேண்டாம்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தபடி மனைவி பக்கம் திரும்பினார். அவள் சிரிக்கவில்லை.

"உங்களை நம்பி அடிச்சுச் சொன்னேனே! என் வாயாலயே உங்க கண்ணு போயிருக்குமே, படுபாவி மனுஷா!"

அவள் உடைந்து அழுவது அந்த ஒற்றைக் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.