இரண்டாம் மாடியில் ஒத்திகை

அழுகிற பிள்ளையைத் தேற்றக்கூட முதுகலைப் பட்டம் வேண்டுமா என்று மாரெனின் அப்பா கேட்டிருந்தார். அமெரிக்காவின் அயோவாவில் பன்றிப் பண்ணை வைத்திருக்கும் மனிதர் வேறெப்படிக் கேட்பார்? வேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் அவள் கிளம்பி வந்தாள். கல்லூரி மாணவர் நலப் படிப்பில் இது இரண்டாம் ஆண்டு. படிப்புச் செலவுக்கு ஈடாக, முந்நூறு பேர் தங்கும் விடுதி ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று அவள் எழுதிய கட்டுரையைப் பேராசிரியர் வகுப்பிலேயே வாசித்துக் காட்டியிருந்தார்.

ஒவ்வோர் ஆகஸ்டிலும், பிள்ளைகள் வந்து சேருமுன் விடுதியில் ஒரு கூத்து நடக்கும். மாடிக்குப் பொறுப்பேற்கப்போகும் மாணவர்களுக்கான ஒத்திகை அது. காலி அறைகளில் வேறு விடுதி ஆட்கள் உட்கார்ந்து ஒருவர் குடித்தவராகவும் ஒருவர் வீட்டு ஏக்கத்தில் அழுபவராகவும் நடிப்பார்கள். புதியவர்கள் கதவைத் தட்டி உள்ளே போய்ச் சமாளிக்க வேண்டும். இந்த வருஷம் நடத்துகிற பொறுப்பு மாரெனுடையது.

இரண்டாம் மாடியில் பாதி திறந்திருந்த ஒரு கதவுக்குள் அழுகை கேட்டது. மாரென் எட்டிப் பார்த்தாள். கட்டிலில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னால முடியல," என்றாள் அந்தப் பெண். "நான் இல்லாமப் போனாக்கூட இங்க யாருக்கும் தெரியாது."

இந்த வசனம் தான் எழுதிக் கொடுத்ததில் இல்லையே, பெண் தானாகவே சேர்த்திருக்கிறாள் என்று மாரெனுக்கு உச்சி குளிர்ந்தது.

"பிரமாதம். ஆனா அழுகையைக் கொஞ்சம் குறைச்சுக்கோ. வர்றவங்களும் பேசணும்ல? தண்ணி குடிச்சிட்டு மறுபடி ஆரம்பி."

பெண் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். மாரென் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்தாள்.

வராந்தாவின் கோடியில் பிரிக்ஸ் என்ற பையன் சாய்ந்து நின்று பீட்சா தின்றுகொண்டிருந்தான்.

"என் ரூமுக்கு ஒருத்தரும் வரலயே," என்றான். "வீட்டு ஏக்கம் நான்தானே? எப்ப அழணும்?"

அப்படியானால் அந்த அறையில் அழுதவள் யார்? மூன்றாம் மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று, முன்கூட்டியே வந்திருந்த வாத்தியக் குழுப் பெண் ஒருத்தியை அன்று காலையில்தான் மாரென் கீழே அந்த அறைக்கு மாற்றியிருந்தாள். தானே சாவியைக் கையில் கொடுத்தாள். பெயர்கூடக் கேட்டாள், ஜோலின். ஒத்திகைப் பரபரப்பில் அதை அடியோடு மறந்து தொலைத்திருந்தாள்.

திரும்பி ஓடினாள். அறையில் யாரும் இல்லை. கைப்பேசி கட்டிலிலேயே கிடந்தது.

பிரிக்ஸைக் கூப்பிட்டு, மேலதிகாரிக்கும் கல்லூரிப் போலீசுக்கும் சொல்லும்படி கத்தினாள். குதித்துவிடுவாளோ என்ற பயத்தில், பக்கத்திலிருந்த வண்டி நிறுத்தும் கட்டடத்தின் மொட்டை மாடிக்குத் தானே ஓடினாள். விளிம்பு வரை போய்க் கீழே பார்க்கத் தைரியம் வரவில்லை. பிறகு பார்த்தாள். கீழே வெயில் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. கடவுளே, அந்தக் கட்டை விரலை எதற்கு உயர்த்தினேன் என்று வாய்விட்டு அரற்றினாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சும்மா இல்லை. இவளுடையது உதவாதது மட்டுமல்ல, ஒரு பிள்ளையின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

விடுதிக்குத் திரும்பி ஒவ்வொரு குளியலறையாகத் தட்டினாள். கடைசியில் அடித்தளத்துத் துணி துவைக்கும் அறையில், இயந்திரங்களுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஜோடிச் செருப்பு தெரிந்தது. ஜோலின் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு இருந்தது. கண் விழித்தே இருந்தது. வாசலில் வந்து நின்ற பிரிக்ஸிடம், கிடைத்துவிட்டாள், ஆலோசகரை வரச் சொல் என்று மாரென் சைகை காட்டினாள்.

மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். நேராகக் கேட்டுவிட வேண்டும் என்பது வகுப்பில் படித்த பாடம். கேட்டாள்.

"ஜோலின், செத்துப்போகணும்னு தோணுதா?"

"இதுவும் ஒத்திகையா?"

"இல்ல. நிஜமாத்தான் கேக்குறேன். நான் செஞ்சது..." படித்த வாக்கியம் ஒன்றுகூட நினைவில் இல்லை. மாரென் விம்மி விம்மி அழுதாள். பொறுப்பில் இருப்பவள் இப்படி அழக்கூடாது என்று தெரிந்தும் அழுதாள்.

இவளை நம்பலாமா வேண்டாமா என்று ஜோலின் அந்த முகத்தில் துழாவினாள். பிறகு செருப்புக் கால்களை உள்ளே இழுத்து, மாரென் இன்னும் கொஞ்சம் அருகில் வர இடம் விட்டாள்.

"அழுகையைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க," என்றாள். "நான் பேசணும்."

மாரென் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கத் தொடங்கினாள்.